கூத்து டிவிடி செய்யக் கொடுக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள்

எங்கள் ஊர்க் கூத்தை டிவிடியாகச் செய்து தருவதாகச் சொல்லி, மட்டக்களப்பு நகரில் ஒரு வீடியோக் கடைக்காரர் எங்களிடம் 30,000 ரூபாய் முற்பணம் வாங்கினார். முழுப் பேச்சு 45,000. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் சொன்னதையும் செய்ததையும் மட்டும் நடந்தபடி எழுதுகிறேன். இதே வேலையை அடுத்த வருடம் இன்னொரு ஊர்க் கழகம் கொண்டுபோய்க் கொடுக்கும் என்பதால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

எங்களுடையது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்ன ஊர். பல வருட இடைவெளிக்குப் பிறகு எங்கள் பகுதிக் கூத்து வகையான வடமோடியில் ஒரு கூத்தைப் பழகி, போன வைகாசியில் அரங்கேற்றினோம். சட்டம் கொடுத்து (அவரவர் பாத்திரத்தைப் பிரித்துக் கொடுத்து), சதங்கை கட்டி, அடுக்குப் பார்த்து (ஒத்திகை பார்த்து), கடைசியில் வட்டக்களரி என்கிற வட்டமான ஆட்டக் களத்தில் இரவு ஒன்பதரைக்குத் தொடங்கியது விடிய ஐந்து மணிக்குத்தான் முடிந்தது. ஏழரை மணித்தியாலம். என் தம்பி முறையான ஒருவர் கமராவோடு களரி ஓரத்தில் நின்று, இரண்டு மெமரி கார்டில் அத்தனையையும் எடுத்து வைத்திருந்தார்.

ஏன் டிவிடி என்று இளம் பிள்ளைகள் கேட்பார்கள். கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவியாருக்கு 74 வயது. போனில் படம் தேடிப் பார்க்க அவருக்கு வராது. வீட்டில் டிவியோடு ஒரு டிவிடி பிளேயர் இருக்கிறது, ரிமோட்டில் எண் அமத்தத் தெரியும். அவருடைய ஆசை ஒன்றுதான். அடுத்த தொகுதிப் பொடியன்களுக்குப் பழக்கும்போது, ஒரு நாள் தருமர் வரவையும் (பாத்திரம் முதலில் களரிக்கு ஆடி வருவதுதான் வரவு) வீமன் வரவையும் அருச்சுனன் வரவையும் அடுத்தடுத்துக் காட்டித் தாளக்கட்டின் வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். இன்னொரு நாள் திரௌபதை வரவிலே தொடங்கிக் கட்டியக்காரனுக்கு வர வேண்டும். அதாவது, பார்க்கிறவரே வரிசையைத் தீர்மானிக்கிற ஒரு மெனு. ஊர் வீடுகளுக்கும் அது பொருந்தும். எந்தத் தாய்க்கும் தன் பிள்ளையின் வரவைத்தானே முதலில் பார்க்க வேண்டும்.

இதை நான் வாயால் மட்டும் சொல்லவில்லை. ஒரு கொப்பியில் 12 துண்டுகளின் பெயர், தொடங்கும் நேரம், முடியும் நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் இரண்டு மணித்தியாலம் வரும். கடைக்காரர் கொப்பியைப் பார்த்துவிட்டு, “ஓம் அண்ணன், செய்யலாம். நாங்க எத்தனையோ செய்திருக்கிறோம்” என்றார்.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குக் கூப்பிட்டுக் காட்டினார். கம்பியூட்டர் திரையில் ஐந்து, இரண்டு, ஒன்பது என்று தெரிவு செய்தார். அதே வரிசையில் ஓடியது. படமும் தெளிவு. எனக்குப் பெரிய சந்தோசம். 30 பிரதி போடச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு அவர் காட்டியது டிவிடியே இல்லை. வீடியோக் கோப்புகளைக் கம்பியூட்டர் பிளேயரில் அடுக்கி, அந்தப் பட்டியலை ஓடவிட்டிருக்கிறார். கம்பியூட்டரில் அது யாராலும் முடியும். டிஸ்கை ஒரு பிளேயரில் போட்டுக் காட்டுங்கள் என்று அந்த நேரம் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே வெளித்திருக்கும். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பிரதிகளை வாங்கிக்கொண்டு மண்முனைப் பாலம் தாண்டி நேரே அண்ணாவியார் வீட்டுக்குப் போனேன். டிஸ்கைப் போட்டோம். மெனு வந்தது, 12 பெயரும் அழகாக இருந்தது. அவர் ‘அருச்சுனன் வரவு’ என்பதை அமத்தினார். யாரோ இரண்டு பேர் வாதாடும் பாட்டின் நடுவில் போய் விழுந்தது. ‘வீமன் வரவு’ அமத்தினால் பிற்பாட்டுக்காரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். வரிசை தெரிவு செய்ய வழியே இல்லை. எதை அமத்தினாலும் அந்த இடத்தில் தொடங்கி, அப்படியே அடுத்தது அடுத்தது என்று ஓடிக்கொண்டே போனது. அண்ணாவியார் என்னைப் பார்த்து, “இதுல எங்க மனே நாம கேட்டது?” என்றார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது.

கடைக்காரருக்கு எடுத்துச் சொன்னேன். உங்கள் பிளேயர் பழசு என்றார். மூன்று வீட்டில் மூன்று பிளேயரில் போட்டுப் பார்த்தோம், அதே கதை. திரும்பப் போனால் மறுகா வாங்க, அதாவது பிறகு வாங்க என்றார். நாலாம் தடவை போனபோது, அப்படி வரிசை மாற்றுகிற வேலை டிவிடியில் முடியவே முடியாது, யாராலும் செய்ய முடியாது என்றார். முடியாது என்றால் ஏன் காசு வாங்கினீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

அப்புறம்தான் என் மருமகள் இதைக் கையில் எடுத்தாள். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். டிஸ்கைக் கம்பியூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, “மாமா, இதுல முழு இரவும் ஒரே படமாகக் கிடக்குது. நீங்க எழுதின கொப்பியை அவர் பார்க்கவே இல்ல” என்றாள். 450 நிமிடத்தை 12 ஆல் பிரித்து, 37 நிமிடம் 30 வினாடிக்கு ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளின் மேல் எங்கள் பிள்ளைகளின் பெயரை ஒட்டியிருக்கிறார். அதோடு, ஒரு அடுக்கு டிஸ்கில் 4.7 ஜிபிதான் கொள்ளும். (கம்பியூட்டர் அதை 4.37 என்று காட்டும். அது கணக்கிடும் முறையில் வருகிற வித்தியாசம், அதற்காகக் கடைக்காரர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள்.) ஏழரை மணித்தியாலத்தை அதற்குள் அமுக்கினால் படத்துக்கு வினாடிக்கு 1.4 மெகாபிட் தகவல் அளவுதான் கிடைக்கும், குறையக் குறையப் படம் கெடும். இரண்டு மணித்தியாலம் என்றால் 5 மெகாபிட் கிடைத்திருக்கும். கூத்தில் கால் வேகம்தானே முக்கியம். வேகமாக அசைகிற இடம்தான் இப்படி அமுக்கும்போது முதலில் கெடும். சதங்கைக் கால்கள் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

வரிசை விஷயத்தை அவள் எனக்கு விளங்கப்படுத்தியதை அப்படியே எழுதுகிறேன், யாராவது “முடியாது” என்று சொன்னால் நீங்கள் திருப்பிச் சொல்ல உதவும். டிவிடி பிளேயர் ஒவ்வொன்றிலும், டிஸ்க் பயன்படுத்துவதற்கென்று 16 சின்ன நினைவிடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 0 முதல் 65,535 வரை ஒரு எண்ணை வைக்கலாம். மெனுவில் ஒரு பெயரை அமத்தியதும் படம் ஓடத் தொடங்காது. அதன் எண் போய் முதல் வெற்றிடத்தில் உட்காரும். அடுத்ததை அமத்தினால் அது இரண்டாம் இடத்தில். ‘ஆரம்பி’ என்பதை அமத்தியதும் முதல் இடத்தில் இருக்கிற எண்ணின் துண்டு ஓடும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு கட்டளை இருக்கும்: வரிசையில் நிற்கிற எண்கள் எல்லாம் ஒரு இடம் முன்னுக்கு நகர வேண்டும், இப்போது முதலில் நிற்பது எதுவோ அதற்குப் போ, ஒன்றும் இல்லையென்றால் மெனுவுக்குத் திரும்பு. சங்கக் கடை வரிசை மாதிரித்தான். டிஸ்கை வெளியே எடுத்தால் இந்த எண்கள் அழிந்துவிடும், திரும்பத் தெரிவு செய்ய வேண்டும். இதற்காக 12 துண்டையும் தனித்தனிப் படமாக வைப்பதுதான் சுலபம், ஒரே நீளப் படத்தில் வெறும் புள்ளி மட்டும் வைத்தால் சரிவராது. வேலை கூடத்தான். ஆனால் 1990களில் டிவிடி வந்த காலத்திலிருந்தே அந்த அமைப்பில் இதற்கு இடம் இருக்கிறது. அவள் இலவசமாகக் கிடைக்கிற டிவிடி ஸ்டைலர் என்ற மென்பொருளில், கட்டளைகளைத் தானே எழுதி, இரண்டு கிழமையில் செய்தாள். எட்டுத் துண்டு வரை வரிசைப்படுத்தலாம். 14 பொத்தான்: 12 பெயர், ஆரம்பி, அழி.

கனடாவுக்கு அனுப்பிய பிரதிகளிலும் பிழை. எங்கும் ஓடும் என்று சொன்னார், நம்பி அனுப்பினோம். டிவி படம் காட்டும் முறை நாட்டுக்கு நாடு வேறு: நமக்கு இங்கே பால் (PAL), அங்கே என்டிஎஸ்சி (NTSC). கம்பியூட்டரில் மட்டும் ஓடியதாம். வெளிநாட்டுக்கென்றால் இதை முதலிலேயே சொல்லிக் கேளுங்கள்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. அந்த இரண்டு மெமரி கார்டையும் பிரதி எடுத்து வைக்காமல் கடையில் கொடுத்துவிட்டோம். திருப்பிக் கேட்டபோது, மிச்சம் 15,000 தந்தால்தான் தருவேன் என்றார். கடைசியில் கழகத் தலைவர், இரண்டு பெரியவர்கள் எல்லாரும் போய்ப் பேசிய பிறகு கார்டுகள் வந்தன. ஒன்றில் கூத்து அப்படியே இருந்தது. மற்றதில் யாருடையதோ கலியாண வீடு இருந்தது. எங்கள் கார்டை அழித்து, அதில் வேறு வேலைக்குப் படம் பிடித்திருக்கிறார். விடியப்புறத்து மூன்று மணித்தியாலம், கடைசி வாழிப் பாட்டு உட்பட, போய்விட்டது. அழிந்த கோப்பை மீட்கிற மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் மேலே புதிதாக எழுதப்பட்டுவிட்டால் அவற்றாலும் முடியாது. மருமகள் இரண்டு நாள் இருந்து பார்த்தாள்.

காசுக்காகப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடலாம், 1977 என்ற இலக்கத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஆனால் பொருளோ சேவையோ கிடைத்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். அவர் “மறுகா வாங்க” என்று சொல்லச் சொல்ல நான் போய் வந்துகொண்டிருந்ததில் நாலு மாதம் ஓடிவிட்டது. என்னிடம் இருந்த ரசீதிலும் ‘டிவிடி வேலை, முற்பணம் 30,000’ என்று மட்டும்தான் இருந்தது. எத்தனை துண்டு, வரிசை மாற்றலாம், வீட்டுப் பிளேயரில் ஓட வேண்டும், கார்டைத் திருப்பித் தர வேண்டும், இந்த நாலையும் ரசீதில் எழுதுவித்து அவருடைய கையெழுத்தும் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் ரசீதிலாவது இது இருக்கட்டும். மெமரி கார்டைக் கொடுக்காதீர்கள், அதன் பிரதியைக் கொடுங்கள். மிச்சக் காசைக் கொடுக்கும் முன், உங்கள் வீட்டுப் பிளேயரையும் ரிமோட்டையும் ஒரு பையில் போட்டுக் கடைக்கே கொண்டுபோங்கள்.

புதிய டிஸ்க் இப்போது அண்ணாவியார் வீட்டில் இருக்கிறது. 12 துண்டில் எட்டு தெளிவாக இருக்கின்றன. மற்ற நாலையும் அந்தக் கடைக்காரரின் உடைந்த டிவிடியிலிருந்துதான் எடுக்க வேண்டி வந்தது, வேறு மூலம் இல்லை. திரௌபதை வரவு அந்த நாலில் ஒன்று. அதை ஆடிய பொடியன் ஆவணியில் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய தாய் போன ஞாயிற்றுக்கிழமை வந்து அதைத்தான் முதலாவதாக அமத்தச் சொன்னார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.