ஆறு வருடம், மூன்று கணவாய்ப் பயணம்: எது உழைத்தது, எது கைவிட்டது

பயிற்சிக்காகப் பரங்கிமலைப் படியில் ஏழாவது முறை ஏறிக்கொண்டிருந்தபோது என் வலது ஷூ வாயைப் பிளந்தது. 2022 மார்ச் மாதம். இமயமலையில் ரூபின் கணவாய்க்குக் கிளம்ப இரண்டரை மாதம்தான் இருந்தது. ஷூ தேய்ந்துகூடப் போகவில்லை. 2018இல் ஹம்ப்டா கணவாய்க்காக வாங்கியது. ஐந்து நாள் இமயமலை, இரண்டு முறை நாகலாபுரம் காடு, அவ்வளவுதான் அது நடந்த நடை. மீதி நாளெல்லாம் வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. தெருமுனையில் செருப்புத் தைப்பவர் அதைக் கையில் வாங்கி அழுத்தினார். அடிப்பாகத்தின் நடு அடுக்கு பழைய கேக் மாதிரி உதிர்ந்தது. "நடந்து கெடுக்கல சார், வச்சே கெடுத்துட்டீங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. இந்த மாதிரி மலையேற்ற ஷூ பலவற்றில் நடு அடுக்கு பாலியூரிதேன் நுரை. ஈரக்காற்று பட்டுக்கொண்டே இருந்தால் சும்மா இருக்கும்போதே அது சிதையும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலை பரணில் இருந்த மற்றதையும் இறக்கிப் பார்த்தேன். மழைக்கோட்டின் உள்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டியது. பையின் மழை உறையும் அப்படியே. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. மலையில் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டு வாங்குகிறோம், நம் வீட்டு அலமாரியில் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று கேட்பதில்லை.

நல்லவேளை, படியில் பிளந்தது. ரூபினில், கடைசி ஏற்றத்தில், இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே பனி நிரம்பிய ஒரு சரிவு வரும். அங்கே பிளந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. அதனால் எங்கள் மலையேற்றக் குழுவில் ஒரு விதி வைத்தோம்: எந்தப் பொருள் மலைக்கு வருகிறதோ அதோடுதான் பயிற்சி. அதே ஷூ, அதே சாக்ஸ், அதே பை, பைக்குள் ஒன்பது கிலோ. முதல் வருடம் பைக்குப் பதில் ஆபீஸ் பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்துக்கொண்டு படி ஏறினோம். தோள் வலித்ததே தவிர வேறொன்றும் கற்கவில்லை. பாரம் இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும், தோள்பட்டை சும்மா பிடித்துக்கொள்ளத்தான் என்பது, அந்த ஐம்பது லிட்டர் பையையே மாட்டி நடந்தபோதுதான் புரிந்தது. இன்றுவரை குறை சொல்ல முடியாத ஒரே பொருள் அந்தப் பைதான். ஒரு கொக்கி மட்டும் மாற்றினேன்.

கைத்தடி வாங்குகிறவர்கள் முறுக்கிப் பூட்டுவதை வாங்காதீர்கள். மண் புகுந்ததும் வழுக்குகிறது. பாரம் கொடுக்கும்போது உள்ளே இறங்கிவிடும். நெம்பி அழுத்திப் பூட்டுவது ஆறு வருடமாக அசையவில்லை. நான் தடி ஊன்றப் பழகியதோ வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடியில்தான். முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம் பகை என்று அந்த மலை சொல்லிக்கொடுத்த பாடம் ஹம்ப்டாவிலும் செல்லுபடியானது. கணவாயிலிருந்து ஷியா கோரு முகாமுக்கு இறங்கும் சரிவில், நகம் வெட்டாமல் வந்த இரண்டு பேருக்குக் கால் பெருவிரல் கறுத்துப்போனது. கிளம்ப நாலு நாள் முன்னால் நகம் வெட்டுவது எங்கள் பட்டியலில் முதல் வரிக்கு வந்தது அப்புறம்தான்.

இதையெல்லாம் கடையிலும் படியிலும் சரிசெய்துவிடலாம். உயரத்தை அப்படிச் செய்ய முடியாது. நாங்கள் இருப்பது கடல் மட்டத்தில். ஹம்ப்டா 4,270 மீட்டர். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் இங்கிருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். பரங்கிமலையை எத்தனை முறை ஏறினாலும் உடம்புக்கு இது பழகாது. 2018இல் எங்களில் நன்றாக ஓடக்கூடியவன், மாரத்தான் முடித்தவன், அவன்தான் முதலில் விழுந்தான். பாலு கா கேரா முகாமில் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. பசியில்லை என்றான். தலைவலி மதியமே தொடங்கியிருந்தது. சொன்னால் எல்லோரையும் திருப்பிவிடுவார்களோ என்று மறைத்திருக்கிறான். நள்ளிரவில் வாந்தி. விடிந்ததும் வழிகாட்டி ஒருவர் அவனைக் கீழே சிக்கா முகாமுக்கு அழைத்துப் போனார். மதியத்துக்குள் தெளிந்துவிட்டான், ஆனால் கணவாயைப் பார்க்கவில்லை. அவனைவிட எங்களுக்குத்தான் குற்ற உணர்வு. பக்கத்துக் கூடாரத்தில் இருந்துகொண்டு ஒருவரும் கேட்கவில்லையே.

அடுத்த பயணத்துக்கு வாங்கியதில் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால், காசே கொடுக்காத ஒன்றைத்தான் சொல்வேன். காலையும் மாலையும் டீ குடிக்கும்போது ஒவ்வொருவராகத் தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அதையும். முதல் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி "நாலு" என்றதும் அங்கேயே ஒரு நாள் தங்கினோம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும் எடுத்துப் போனோம். பாதி உதவிதான் அது. விரல் விறைத்திருந்தால் கன்னாபின்னாவென்று எண் காட்டும், பார்ப்பவர் பயத்தில் இன்னும் மூச்சு வாங்குவார். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

உயரத்தில் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எங்களில் இரண்டு பேர் டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும். ராத்திரி அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும், அந்தக் குளிரில் அது தனித் தண்டனை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்டாலும் மெல்ல ஏறுவதற்கு அது மாற்று இல்லை.

தீனியில் கடலை மிட்டாய் தோற்றது. குளிரில் கருங்கல். பேரீச்சம்பழமும் சத்துமாவு உருண்டையும் ஜெயித்தன. ஜீன்ஸும் பருத்திப் பனியனும் வேண்டாம், நனைந்தால் காயாது. குளிரில் சார்ஜ் இறங்கிவிடும், அதனால் தலைவிளக்கு பேட்டரியையும் போனையும் இரவில் தூக்கப் பைக்குள் கூடவே படுக்க வையுங்கள்.

2024 செப்டம்பரில் மறுபடி ஹம்ப்டா போனோம், இந்த முறை அக்கா மகளும் வந்தாள். பச்சையான குல்லு பக்கத்திலிருந்து ஏறி, மறுபுறம் மொட்டை மலையான லாஹௌலில் இறங்கும்போது முதல் முறை வந்த அதே வியப்பு. ஷியா கோருவில் ஆற்றைக் காலையிலேயே கடந்துவிட்டோம். வெயில் ஏறினால் பனி உருகித் தண்ணீர் கூடும். மாறியது திரும்பும் வழி. 2018இல், நடை முடியும் சத்ரு என்ற இடத்திலிருந்து வண்டியில் ரோதாங் கணவாய் ஏறி, வண்டி வரிசையில் நின்று மணாலி போய்ச் சேர இருட்டிவிட்டது. 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்ததால் இப்போது மலைக்கு அடியில் ஒன்பது கிலோமீட்டர், சில நிமிடம்.

வந்ததும் முதல் வேலை, எல்லாவற்றையும் கழுவி நிழலில் காயவைத்தது. தூக்கப் பையை அதன் சின்ன உறையில் திணிக்காமல் அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறேன், அமுக்கியே வைத்தால் உப்புதல் போய்விடும். புது ஷூவின் நாக்கில் மார்க்கரால் வாங்கிய மாதம் எழுதியிருக்கிறது. அது பரணுக்குப் போகவில்லை. எப்படியும் சாகப்போகிற ஷூ, நடந்தே சாகட்டும் என்று காய்கறி வாங்கவும் அதையே போட்டுக்கொண்டு போகிறேன். மார்க்கெட்டில் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.