பழந்தமிழ் அச்சு நூல் தரவு: ஒமேகா எஸ்ஸா, விக்கித்தரவா?

19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புகளின் பதிப்பாசிரியர், அச்சுக்கூடம், ஊர், ஆண்டு இவற்றை லிங்க்டு டேட்டாவாக (ஒவ்வொன்றுக்கும் தனி இணைய முகவரி கொடுத்து ஒன்றோடொன்று இணைக்கும் தரவாக) தொகுக்க இறங்கியபோது இரண்டு வழிகள் இருந்தன: சொந்த சர்வரில் நிறுவும் ஒமேகா எஸ் என்ற மென்பொருள், அல்லது யாரும் திருத்தக்கூடிய பொதுத் தரவுத்தளமான விக்கித்தரவு. நான் விக்கித்தரவில்தான் ஏற்றினேன். இன்று யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஒமேகா எஸ் நல்ல கருவி. ஸ்கேன் செய்த பக்கங்களை அடுக்கிக் கண்காட்சிபோலக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் தயங்காமல் அதற்கே போகலாம். இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் ஒழுங்காக வரும்.

ஆய்வுக் கேள்வி என்று வரும்போது நிலைமை மாறுகிறது. 'யாழ்ப்பாணப் பக்கம் பிறந்து சென்னையில் நூல் பதிப்பித்தவர்கள் யார்?' என்று கேட்க நினைக்கிறோம். அப்படிப் பதிப்பித்தவர்களில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயரை நூலகப் பட்டியல்கள் பலவிதமாக எழுதியிருக்கும். விக்கித்தரவில் அவை எல்லாம் ஒரே உருப்படியின் (ஓர் ஆளுக்கோ ஊருக்கோ உள்ள தனிப் பதிவின்) மாற்றுப் பெயர்களாக அடங்கிவிடும். அவர் பிறந்த சிறுப்பிட்டி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை ஊருக்கான உருப்படியில் ஒருமுறை சொன்னால் போதும், ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் எழுதிய கேள்வி அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போகும். ஒமேகாவில் ஊர்களையும் நாமே கட்டி எழுப்ப வேண்டும்.

ஆண்டும் அப்படித்தான். முகப்பில் 'சர்வசித்து வருடம்' என்று மட்டும் இருந்தால் அது 1887 ஏப்ரல் முதல் 1888 ஏப்ரல் வரை எதுவாகவும் இருக்கலாம். விக்கித்தரவில் 'இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை' என்று இரு எல்லைகளையும் கூற்றோடு சேர்த்தே பதியலாம். ஒமேகாவிலும் மாட்யூல் (கூடுதல் செருகுநிரல்) போட்டால் இடைவெளி கொடுக்க முடியும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. லிங்க்டு டேட்டாவின் உயிர் ஒவ்வொரு பதிவுக்கும் கொடுத்த இணைய முகவரியில்தான் இருக்கிறது. அது செத்தால் அதை நம்பி இணைப்புக் கொடுத்த அத்தனை பேரின் தரவும் அந்தரத்தில் தொங்கும். சொந்த சர்வர் என்றால் ஆண்டுதோறும் டொமைன் கட்டணம், பிஎச்பி அப்டேட், புதிய பதிப்புக்கு ஒத்துவராத மாட்யூல் என்று வேலை ஓயாது. மானியமோ இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். அப்புறம் யார் பார்ப்பார்கள்? கூகுள் 2010இல் வாங்கிய ஃப்ரீபேஸ் என்ற பொதுத் தரவுத்தளமே 2016இல் மூடப்பட்டது. அதன் பழைய அடையாள எண்களை இன்றும் ஒரு பண்பாக (தரவுப் புலமாக) வைத்துக் காப்பது விக்கித்தரவுதான். 2012இல் தொடங்கிய விக்கித்தரவுக்கும் ஒருநாள் அந்தக் கதி வரலாம். ஆனாலும் தரவு முழுவதும் சிசி0 என்ற கட்டுப்பாடில்லாத உரிமத்தில், யாரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது.

குறைகளும் உண்டு. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் நம் பதிவுகளில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலை அடிக்கடி பார்க்க வேண்டும். வேறெங்கும் பதிவில்லாத ஒரு சிறு அச்சுக்கூடக்காரருக்கு உருப்படி தொடங்கினால் நீக்கச் சொல்லிக் கேள்வி வரலாம்; சான்றைக் கையோடு சேர்த்துவிடுங்கள். ஆய்வாளரின் ஊகங்களுக்கு அது இடமில்லை, அவற்றைத் தனியாகத்தான் வைத்திருக்கிறேன். விக்கித்தரவை இயக்கும் மென்பொருளான விக்கிபேஸைத் தனியாக நிறுவிக்கொள்வது மூன்றாவது வழி. நான் நடத்திப் பார்த்ததில்லை, ஆனால் அங்கும் சர்வரைக் கவனிக்க ஆள் வேண்டும்.

நிரந்தர ஊழியர் உள்ள நூலகம் என்றால் ஒமேகா எஸ்ஸில் பக்கங்களைக் காட்டுங்கள். ஆளுக்கும் ஊருக்கும் மட்டும் புது அடையாளம் உருவாக்காமல், பதிவு ஒவ்வொன்றிலும் விக்கித்தரவு முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.