ஜிம்மா, கபடியா, மொட்டைமாடித் தண்டாலா?

அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு ஜிம்மில் சேர்த்துவிடு என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இந்த வயசில் வெயிட் தூக்கினால் பிள்ளை குட்டையாகிப் போவான் என்கிறார் அம்மா. கிரவுண்டில் நாலு ரவுண்டு ஓடினால் போதாதா, காசு எதற்கு என்கிறார் அத்தான். பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

அம்மாவின் பயத்தை முதலில் முடித்துவிடலாம். முறையாகச் சொல்லிக்கொடுத்து, பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டால் எடைப்பயிற்சியால் வளர்ச்சி நிற்காது. அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் அகாடமி 2020இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதைத்தான் சொல்கிறது. வளர்கிற வயதில், சொல்லித்தருகிறவர் பக்கத்தில் இல்லாமல் ‘என்னால் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும்’ என்று சோதித்துப் பார்ப்பதுதான் கூடாது. ஆனால் நாலு பையன்கள் சேர்ந்து ஜிம்முக்குப் போனால் முதலில் செய்வது அதைத்தான்.

அத்தான் சொல்வது பாதி சரி. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு தரும் வேலை வேண்டும் என்று தனியாகவும் சொல்கிறது. ஓட்டம் மூச்சைப் பழக்கும், தோளுக்கும் முதுகுக்கும் கைப்பிடிக்கும் அதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஸ்வீடனில் ராணுவத் தேர்வுக்கு வந்த 16-19 வயது ஆண்கள் பதினோரு லட்சம் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு, சராசரியாக 24 ஆண்டு கவனித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கைப்பிடியும் காலும் வலுவாக இருந்தவர்கள் 55 வயதுக்குள் இறப்பது 20 முதல் 35 சதவீதம் குறைவாக இருந்தது, உடல் எடையையும் ரத்த அழுத்தத்தையும் கணக்கில் சேர்த்த பிறகும். வலுதான் அவர்களைக் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, நல்ல சாப்பாடு, நல்ல வீடு எல்லாம் பின்னால் இருந்திருக்கலாம். இருந்தாலும் லேசில் தள்ளிவிடக்கூடிய எண்ணிக்கை இல்லை.

சரி, ஜிம். அதன் பெரிய பலம், எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம், போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு கூடியது என்பது கண்ணுக்குத் தெரியும். மற்றதெல்லாம் யார் சொல்லித்தருகிறார் என்பதைப் பொறுத்தது. நான் விசாரிக்கப் போன இடத்தில் பையனுக்கு ஒழுங்காக உட்கார்ந்து எழத் தெரியுமா என்று கேட்கவில்லை, புரோட்டீன் பவுடர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். ஐம்பது கிலோ பையனுக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 50 கிராம் புரதம். முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், எப்போதாவது மீன் என்று வீட்டிலேயே முடிகிற கணக்கு. அப்புறம் இந்த வயதுப் பையன்கள் கண்ணாடியில் தெரிகிற நெஞ்சையும் கையையும் மட்டும் வளர்ப்பார்கள், கால் அப்படியே கிடக்கும்.

கபடியில் அந்தப் பிரச்சினையே இல்லை. முப்பது விநாடி ரெய்டில் குனிந்து, பாய்ந்து, நாலு பேர் பிடியிலிருந்து கோட்டைத் தொட இழுத்துக்கொண்டு வருவதில் தொடை, இடுப்பு, கைப்பிடி என எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். குதிப்பதும் மோதுவதும் எலும்புக்கும் நல்லது. போரடிக்காது என்பது இன்னொன்று, பயிற்சியை விடாமல் வைத்திருப்பது அதுதான். ஆனால் முட்டியும் கணுக்காலும் அடிபடும், ஆட ஆள் சேர வேண்டும். இதைவிட எனக்கு உறுத்துவது, ஏற்கெனவே வலுவாக இருப்பவன்தான் களத்தில் இருப்பான். வலு அதிகம் தேவைப்படும் ஒல்லிப் பையன் ஓரத்தில் உட்கார்ந்து பாயின்ட் எண்ணிக்கொண்டிருப்பான்.

சைக்கிளும் நீச்சலும் இதயத்துக்கு நல்லது. எலும்புக்கு அவ்வளவாக உதவாது, உடம்பின் பாரம் எலும்பில் இறங்குவதில்லையே.

தண்டாலும் பஸ்கியும் நம் ஊர்ச் சரக்கு, செலவும் இல்லை. தரையில் ஒன்றுகூட வரவில்லையா, சுவரில் கை வைத்துச் செய்யலாம், பிறகு படிக்கட்டில், பிறகு தரையில், அதுவும் லேசாகிவிட்டால் காலைப் படிமேல் தூக்கிவைத்து. இதுவும் எடை ஏற்றுகிற வேலைதான். ஒரே ஓட்டை, தண்டாலில் தள்ளுவது மட்டும்தான் இருக்கிறது, இழுப்பது இல்லை. தொங்கக் கம்பி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பையில் புத்தகங்களை அடைத்து, குனிந்து இடுப்புவரை இழுக்கலாம். பத்தாம் வகுப்பு முடித்த வீட்டில் புத்தகத்துக்கா பஞ்சம்.

இவ்வளவு பேசினோமே, அவன் தங்கையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு. உயரம் மளமளவென்று கூடுவதை ஒட்டி வருகிற இரண்டு ஆண்டுகளில் மட்டும், முழுதாக வளர்ந்து முடித்த பின் இருக்கப்போகிற எலும்புச் சத்தில் ஏறத்தாழ கால் பங்கு சேர்ந்துவிடுகிறது, பெண்களுக்கு அந்தக் காலம் பெரும்பாலும் 12, 13 வயதில்தான். சரியாக அந்த நேரத்தில்தான் வயசுக்கு வந்துவிட்டாள், தெருவில் என்ன ஆட்டம் என்று வீட்டுக்குள் இழுத்துவிடுகிறோம். 2016 கணக்குப்படி உலகம் முழுக்கப் போதுமான உடலுழைப்பு இல்லாத வளரிளம் பையன்கள் 78 சதவீதம், பெண்கள் 85. போதாததற்கு இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிற பெண்ணைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான்: வாரம் மூன்று நாள் மொட்டைமாடியில் தண்டால், பஸ்கி, பை இழுப்பு, கூடவே ஸ்கிப்பிங், இரண்டு பேருக்கும். சனி, ஞாயிறு அவனுக்குக் கபடி. அவளுக்கு எங்கே ஆட இடம் என்று அத்தான்தான் தேட வேண்டும், நான் விடப்போவதில்லை. ஆறு மாதம் நிற்காமல் செய்தால் ஜிம், அதுவும் கால் பயிற்சியைச் சொல்லித்தருகிற ஜிம்.

முதல் நாள் அவன் தரையில் ஆறு தண்டால் எடுத்தான். அவள் படிக்கட்டில் கை வைத்து ஒன்பது. படிக்கட்டுக் கணக்கு செல்லாது என்று அன்றிலிருந்து சண்டை.