டிக்குக்கும் டக்குக்கும் நடுவே: மயிலாப்பூரில் ஒரு கடிகாரக் கடை

தாத்தாவின் பெண்டுலக் கடிகாரத்தை உள்ளே காலி செய்துவிட்டு பேட்டரி மெஷின் பொருத்தித் தருவதாக வேறொரு கடையில் சொன்னதைக் கேட்டு மனம் நொந்துதான், மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு அருகே இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் இந்தச் சிறு கடைக்கு வந்தேன். அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரமும் கையில் இருந்தது.

கடைக்காரப் பெரியவர் உடனே திருப்புளியை எடுக்கவில்லை. கடிகாரத்தைச் சுவரில் மாட்டி, கண்களை மூடிக்கொண்டு கேட்டார். டிக்குக்கும் டக்குக்கும் இடைவெளி சமமாக இல்லை. முறுக்கிய வில்லின் விசை ஒரேயடியாக ஓடிவிடாமல், ஊசல் ஒருமுறை சென்று திரும்புவதற்குள் சக்கரத்தின் ஒரு பல்லை மட்டும் விடுவித்து, ஊசலுக்கும் சிறு உந்தல் தருகிற எஸ்கேப்மென்டில்தான் கோளாறு என்றார். எங்களுடையது பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான நங்கூர வகை; பல்லைப் பிடித்து விடுகிற துண்டு நங்கூர வடிவில் இருக்கும். ஒவ்வொரு டிக்குக்கும் பற்சக்கரம் இம்மியளவு பின்வாங்குவதை லென்ஸ் வழியே காட்டினார். அந்தப் பின்வாங்கல் இல்லாத வகையை ஜார்ஜ் கிரஹாம் 1715 வாக்கில் செய்துகாட்டினார். நங்கூரத்தின் முனைகளில் விழுந்திருந்த தேய்மானப் பள்ளங்களை மெருகேற்றிச் சரிசெய்ததும் ஒலி சீரானது.

ஜனதாவின் கதை வேறு. 1750களில் தாமஸ் மட்ஜ் உருவாக்கிய லீவர் வகை எஸ்கேப்மென்டின் வழிவந்தது அது. உந்தல் பெறும் நொடித்துளியைத் தவிர மற்ற நேரமெல்லாம், ஊசலின் வேலையைச் செய்யும் பேலன்ஸ் சக்கரம் எதையும் தொடாமல் தானே சுழல்வதால்தான், கையசைவுக்கு நடுவிலும் அதனால் நேரம் காட்ட முடிகிறது. முன்பு யாரோ தாராளமாக விட்ட எண்ணெய், அந்தச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆடவைக்கும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகளை ஒட்டவைத்ததால், வில்லின் நீளம் குறைந்ததுபோலாகி, கடிகாரம் தறிகெட்டு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வில்லில் ஒரு துளி எண்ணெய்கூடப் படக்கூடாது என்று அவர் சொன்னபோது குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

பத்து நாள் என்று சொன்ன வேலை ஐந்து வாரம் இழுத்தது. ரசீதில் என்ன செய்தார் என்ற விவரமும் இல்லை. இரண்டுக்குமாக 1,800 ரூபாய் வாங்கினார். இந்த நுணுக்கத்துக்கு அது குறைவு என்றே சொல்வேன். ஜனதா இப்போது நாளுக்கு இருபது நொடிதான் முந்துகிறது.

பெண்டுலக் கடிகாரத்தை வீட்டுக்கு வந்து மாட்டித் தருவதில்லை. ஒலி சமமாக வரும்வரை பெட்டியின் அடிப்பக்கத்தை நூல் நூலாக நகர்த்தச் சொல்லி அனுப்பினார். எங்கள் கூடத்துச் சுவரில் வலப்பக்கம் இரண்டு நூல் நகர்த்த வேண்டியிருந்தது.