பாதி நேரம் மட்டும் கடல்: விஜயநகர் கரையில் ஒரு வாடகை வீடு

வாடகையைக் குறைத்துவிட்டார்களாம், பிப்ரவரியில் குடும்பத்தோடு போகலாமா என்று நண்பர் கேட்கிறார். சில வருடங்களாகக் குளிர்காலத்தில் நான் போய்த் தங்கும் வீடு அது. அந்தமானில் ஸ்வராஜ் தீவு, அதாவது பழைய ஹேவ்லாக். அதில் ஐந்தாம் நம்பர் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் விஜயநகர் கரை. இரண்டு படுக்கையறை, சமையலறை, ஒரு வராந்தா, வராந்தாவுக்கு நேரே கடல். விளம்பரத்தில் சொன்னதெல்லாம் அங்கே இருக்கிறது, கடலைத் தவிர. கடல் பாதி நேரம்தான் இருக்கும்.

விளம்பரப் படங்கள் அத்தனையும் நீர் ஏறி நிற்கும்போது எடுத்தவை. மரங்களின் வேர் வரை பச்சை நீர், அதன்மேல் கிளைகளின் நிழல். அதே இடத்தை பௌர்ணமியன்று மாலை நாலு மணிக்குப் பார்க்க வேண்டும். செத்த பவளப் பாறையும் சேறும் மணலுமாக நீண்டு கிடக்கும். ஊர்க்காரர்களின் டுங்கிப் படகுகள் குடித்துவிட்டு விழுந்தவர்களைப் போல ஒருக்களித்திருக்கும். நீரைத் தொட வேண்டுமென்றால் செருப்பில்லாமல் நடக்க முடியாது. பாறை காலைக் கிழித்துவிடும். அலை உயர்வதும் தாழ்வதும் இயற்கை, அதற்கு வீட்டுக்காரர் மேல் கோபப்படக் கூடாதுதான். ஆனால் தலைமுடி உலர்த்தும் கருவி உண்டு என்று எழுதத் தெரிந்தவருக்கு, கடல் எப்போது இருக்கும் என்று ஒரு வரி எழுதத் தெரியாதா? கேட்டால், இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை என்று பதில் வருகிறது. நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வங்காளத்து அக்கா இன்னும் ஒரு படி மேல். தீவில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த குடும்பங்கள். அவர் அந்த வழிவந்தவர். மின்சாரம் போனாலும், குழாயில் தண்ணீர் நின்றாலும், கடல் காணாமல் போனாலும் ஒரே பதில்: ‘ஆ ஜாயேகா, தாதா’, வந்துவிடும் அண்ணா. மூன்றும் வந்தும்விடுகின்றன. ஆனால் அவர் வைக்கும் கடுகு அரைத்த மீன் குழம்புக்காக எதையும் மன்னிக்கலாம்.

இந்த எரிச்சலில்தான் ஒரு நல்லதும் கிடைத்தது. அந்த வீட்டுக்குத் தேதி குறிக்க நம் தினசரி நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் காலை பத்து மணியை ஒட்டி நீர் உச்சத்தில் இருக்கும், மாலை நாலுக்கு வற்றிவிடும். ஒவ்வொரு நாளும் இது சுமார் 50 நிமிடம் பின்னால் தள்ளிப்போகும். ஆகவே பௌர்ணமி கழிந்து திருதியை, சதுர்த்தி வாக்கில் உச்சநீர் நண்பகலையொட்டி வரும். குளிக்க அதைவிட நல்ல நாட்கள் இல்லை. அஷ்டமி, நவமியில் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. நாள் முழுக்க முழங்கால் தண்ணீர்தான், நீந்த முடியாது, குழந்தைகள் உட்கார்ந்து அளையலாம். திதி பார்த்து விமான டிக்கெட் எடுப்பதை என் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

வற்றிய கடலையும் நான் வெறுத்துக்கொண்டே ரசிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கருப்பாக, விரற்கடை அசையாமல் கடல் அட்டைகள் கிடக்கும். 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினம், தொடக் கூடாது. சங்கைச் சுமந்த துறவி நண்டு ஒன்று நம் நிழல் பட்டதும் உள்ளே சுருங்கி, உருண்டு, செத்ததுபோல் கிடக்கும். மூச்சை அடக்கி நின்றால் முதலில் ஒரு கால் வரும், பிறகு இரண்டு கண்கள், பிறகு ஒரே ஓட்டம். அரை மணி போவதே தெரியாது. சங்கு, பவளம் எதையும் பையில் போட்டுவிடாதீர்கள்; விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

மற்றவை சுருக்கமாக. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020இல் வந்த பிறகு இணையம் பரவாயில்லை. குளியலறைத் தண்ணீரில் லேசாக உப்பு. டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். நம் கடிகாரம் அந்தத் தீர்க்கரேகைக்குச் செய்யப்பட்டதல்ல. மேற்குக் கரையில் ராதாநகர் இருக்கிறதே என்பீர்கள். அங்கே மணல்சரிவு, நீர் வற்றினாலும் குளிக்கலாம். ஆனால் அஸ்தமனம் முடிந்ததும் திரும்பி வர ஆட்டோ தேடி நிற்க வேண்டும். கடற்கரை வீட்டுக்கு வாடகை கொடுத்துவிட்டு கடலுக்கு ஆட்டோவில் போவது எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அவர்களால் அந்தப் பாறையில் நடக்க முடியாது. ராதாநகர் பக்கமே இடம் பாருங்கள். வாடகையைப் பாதியாகக் குறைத்தாலும் இதையேதான் சொல்வேன். மீறிப் போவதென்றால் அமாவாசை கழிந்த வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு அடுத்த வாரத்துக்கு நான் முன்பணம் கட்டிவிட்டேன்.