பாயான் லெப்பாஸ் மென்பொருள் வேலையா, அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையா?

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள தொழிற்பேட்டை வட்டாரம் பாயான் லெப்பாஸ். பொறியியல் முடித்த பினாங்குப் பிள்ளைகள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

நுழைவு
மென்பொருள்: உரிமம் தேவையில்லை, நிரல் எழுதிக் காட்டினால் போதும். (பொறியாளராகத் தொழில் நடத்துவது வேறு கதை. அதற்கு 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியாளர் வாரியத்தில் பதிய வேண்டும்.)
ஆசிரியர்: பட்டத்தோடு கற்பித்தல் தகுதியும் வேண்டும். நேர்காணல், அப்புறம் காத்திருப்பு.

இடம்
மென்பொருள்: பாயான் லெப்பாஸ், 1972இல் கணினிச் சில்லு நிறுவனமான இண்டெல் வந்த வட்டாரம். வீட்டுச் சாப்பாடு உறுதி. அக்கரையில், பட்டர்வொர்த்தில் வீடு என்றால் பாலத்து நெரிசலும் உறுதி.
ஆசிரியர்: கல்வி அமைச்சு அனுப்பும் இடம். கடல் கடந்த சபா, சரவாக்காகவும் இருக்கலாம். அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

நேரம்
மென்பொருள்: வெளியீடு நெருங்கினால் இரவும் பகலும் ஒன்றுதான்.
ஆசிரியர்: மதியமே வீடு என்பது வெளியாள் நினைப்பு. புறப்பாட நடவடிக்கை, கூட்டம், திருத்த வேண்டிய நோட்டுகள் எல்லாம் இருக்கின்றன. பள்ளி விடுமுறை மட்டும் உண்மையான லாபம்.

மாறும் வசதி
இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. மென்பொருளாளர் வார இறுதியில் நிரலாக்க வகுப்பு எடுத்துப் பார்க்கலாம். முதலாளியுடன் போட்ட ஒப்பந்தம் தடுக்காமல் இருந்தால் சரி. அரசு ஆசிரியர் வெளிவேலை செய்ய, துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். தனியார் கல்லூரி விரிவுரையாளர் வேலைக்கோ தொழில் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு.

சம்பளம் வேகமாக ஏற வேண்டும் என்பவர் மென்பொருளுக்குப் போகலாம். நிலையான வேலையும் பிள்ளைகளின் சகவாசமும் வேண்டுபவருக்குப் பள்ளி. இரண்டிலும் ஆசை இருந்தால், என் கணக்கில் முதலில் மென்பொருள், பிறகு கல்லூரி விரிவுரை.