சவர்க்காரத் தண்ணியும் பிறேக் கிளீனரும்: உப்புக் காற்றில் சில வருட அனுபவம்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குக் காரில் போய் வருபவர்களுக்குத் தெரியும், சோளகம் வீசும் மாதங்களில் கண்ணாடியைத் தொட்டாலே உப்புப் பிசுபிசுக்கும். அதே உப்பு பிறேக்கிலும் படிகிறது. ஒழுங்கைச் செம்மண் புழுதியும் சேர்ந்தால், பாட் என்ற தேய்கட்டைகளைச் சில்லோடு சுற்றும் டிஸ்கில் அழுத்தும் கவ்வியான கலிப்பர் வழுக்கி அசைய உதவும் ஸ்லைட் பின்கள் இறுகிவிடும். அப்புறம் உள்பக்கப் பாட் தகடு தெரியத் தேயும், வெளிப்பக்கப் பாட் புதிதுபோலவே இருக்கும். வெளியில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் என் வாகன் ஆரின் பிறேக்கைச் சில வருடங்களாக வீட்டிலேயே கழற்றித் துப்புரவாக்குகிறேன்.

முக்கால்வாசி வேலையைச் சவர்க்காரத் தண்ணியே முடித்துவிடும். சில்லைக் கழற்றி, கீழே பழைய பேசின் ஒன்றை வைத்து, பூச்செடிக்குத் தெளிக்கும் போத்தலால் தூளை முதலில் நன்றாக நனைக்கிறேன். அது கறுப்புச் சேறாக வடியத் தொடங்கிய பிறகுதான் பிரஷ். டிஸ்கைவிட பின் சில்லு டிரம்மில் இது முக்கியம். அது மூடிய பெட்டி, தேய்ந்த தூள் முழுவதும் உள்ளேயே கிடக்கும். அதைக் காற்றடித்து ஊதுவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். பழைய பாட்களிலும், டிரம்முக்குள் தேயும் ஷூக்களிலும் அஸ்பெஸ்ரஸ் என்ற கல்நார் இருந்திருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த நார் நுரையீரலுக்குள் போனால் நோய் வெளியே தெரியப் பல பத்து வருடங்கள் எடுக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஈரம் காயவிடாமல் வேலை செய்வதுதான் நல்ல காவல்.

ஸ்பிரே ரின்னில் வரும் பிறேக் கிளீனர், கிறீஸ், ஒயில் பட்ட இடத்துக்கு மட்டும். அடித்ததும் கரைத்துக்கொண்டு ஓடும், நிமிடத்தில் காய்ந்துவிடும், பிசுக்கு மிஞ்சாது. அந்த வேலையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் வாங்கும்போது ரின்னின் பின்பக்கத்தை வாசியுங்கள். டெட்ராகுளோரோஎதிலீன் என்ற குளோரின் உள்ள இரசாயனம் போட்டது தீப்பிடிக்காது என்று சொல்லி விற்பார்கள். அது தண்ணீரைவிடப் பாரமானது, நிலத்தில் இறங்கினால் கீழேயே போய்க்கொண்டிருக்கும். எங்கள் காலடியில் இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல், குடிப்பது கிணற்றுத் தண்ணி. சுன்னாகப் பக்கக் கிணறுகளில் ஒயில் கலந்து சனம் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் கிணற்றடியில் இதை அடிக்க மனம் வருமா? நான் குளோரின் இல்லாததையே வாங்குகிறேன். அது தீப்பற்றும், அதனால் டிஸ்க் நன்றாக ஆறிய பிறகு, திறந்த முற்றத்தில், அடுப்பும் சிகரெட்டும் கிட்ட இல்லாமல் அடிக்க வேண்டும். பேசின் சேற்றைப் போத்தலில் அடைத்து மூடி, துடைத்த துணியைக் காயுமுன் பையில் கட்டி ஒதுக்கி வைக்கிறேன். பெற்றோல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தீ ஒரு பக்கம், பிறேக்கின் றப்பர் ஊதிக் கெடுவது மறுபக்கம்.

கழுவித் துடைத்த ஸ்லைட் பின்னுக்குச் சிலிக்கோன் கிறீஸ் மெல்லியதாகப் பூசினால் விரலால் தள்ளவே உள்ளே போகும். கலிப்பரைப் பிறேக் குழாயில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டிவிடுங்கள். பாட்டின் தேயும் பகுதி 3 மில்லிமீற்றரைத் தொட்டால் துப்புரவாக்குவதில் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். பிறேக் ஒயில் பெயின்ற்றில் பட்டால் உடனே தண்ணி ஊற்றுங்கள், உரித்துவிடும்.

ஜக்கை மட்டும் நம்பிக் கை நீட்டக்கூடாது. சீமெந்துத் தரை, காரைத் தாங்கும் ஸ்ராண்ட், தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை. பின் டிரம்மைக் கழற்ற ஹான்ட் பிறேக்கை விடவேண்டும், அப்போது காரைப் பிடித்து வைப்பது அந்தக் கட்டைதான். மணலான வளவென்றால் கராஜுக்கே கொடுத்துவிடுங்கள், ஊதாமல் நனைத்துச் செய்யச் சொல்லிக் கொடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு, கார் அசையுமுன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வரும்வரை பாருங்கள். பாட்டைத் தள்ளும் பிஸ்டன் கலிப்பருக்குள் பின்னுக்குப் போயிருந்தால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். பிறகு ஒழுங்கைக்குள் மெதுவாக ஓட்டி, சில தடவை இலேசாகப் பிடித்தால் ஈரமும் மேல் துருவும் போய்விடும்.